மெய்நிகர் கணினிக்குப் புதிய பிராசஸர் கட்டாயமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியில் மெய்நிகர் கணினிகளை, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளின் துணையால் தனி இயங்குதளத்துடன் ஓடும் கணினிகளை, இயக்குவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, எட்டு கோர் (தனித்தனியே கட்டளைகளை நிறைவேற்றும் உட்பகுதி) கொண்ட புதிய பிராசஸர் இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம் என்று முடிந்திருந்தது. அதை நம்பி எவரும் நல்ல நிலையில் உள்ள கணினியை ஒதுக்கிவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

கோர்களை எண்ணுவதற்கு முன்பு பார்க்க வேண்டியது, பிராசஸரில் மெய்நிகராக்க வசதி இருக்கிறதா என்பதே. இன்டெல் 2005-இல் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி 2006-இல் ஏஎம்டி-வி என்றும் கொண்டுவந்த இந்த வசதி, உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகளில் பெரும்பாலானவற்றைப் பிராசஸரே நேரடியாக நிறைவேற்றவும், கணினி முழுவதையும் பாதிக்கக்கூடிய கட்டளை வரும்போது மட்டும் மெய்நிகர் கணினியை மேலாளும் மென்பொருளிடம் பொறுப்பை ஒப்படைக்கவும் வழிசெய்கிறது. மெய்நிகர் கணினிகளை உருவாக்கி இயக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் தனது 6.1 பதிப்பு முதல் இந்த வசதி இல்லாத பிராசஸர்களைக் கைவிட்டுவிட்டது. இன்டெலின் பழைய கோர் 2 டுவோ பிராசஸர் வரிசையில் சில மாடல்களில் இது உண்டு, சிலவற்றில் இல்லை. ஆகவே வரிசையின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க இயலாது.

வசதி இருந்தும் அது அணைக்கப்பட்டிருப்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. ஏஎம்டி பிராசஸர் உள்ள எனது நான்கு கோர் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் 32 பிட் இயங்குதளங்களை மட்டுமே பட்டியலில் காட்டியது. புதிய பிராசஸர் வாங்கும் முடிவுக்கே வந்துவிட்ட நிலையில், பயாஸைத் (கணினியின் அடிப்படை வன்பொருள் அமைப்புகளை மாற்றும் திரை) திறந்து, மெய்நிகராக்க வசதிக்கான ‘எஸ்விஎம் மோட்’ என்ற வரியை இயக்கிச் சேமித்தேன். அடுத்த முறை கணினி எழுந்தபோது 64 பிட் இயங்குதளங்கள் அனைத்தும் பட்டியலில் இருந்தன. இன்டெல் கணினிகளில் இதே வரி ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ என்ற பெயரில் இருக்கும்.

ஒரே ஒரு மெய்நிகர் கணினிக்கு இரண்டு கோர்களை ஒதுக்கினால் அன்றாட வேலைகள் தடையின்றி நடக்கும். பெரும்பாலும் முதலில் திணறுவது ராம்தான். விண்டோஸ் 11 மட்டுமே குறைந்தபட்சம் 4 ஜிபி கேட்பதால், மொத்தம் 8 ஜிபி உள்ள கணினியில் அதை உள்ளே ஓட்டினால் வெளியே இருக்கும் இயங்குதளத்துக்கு மூச்சுமுட்டும். மூன்று நான்கு மெய்நிகர் கணினிகளை ஒரே நேரத்தில் இயக்குபவர்களுக்குக் கட்டுரையாளரின் அறிவுரை பொருந்தும் என்பதை மறுக்கவில்லை.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் சிபியுவைத் தேர்ந்தெடுத்தால், ‘விர்ச்சுவலைசேஷன்’ இயக்கத்தில் உள்ளதா என்பது அங்கேயே தெரியும். இந்த எளிய சோதனையையும் பயாஸ் அமைப்பைப் பற்றிய விளக்கத்தையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவேனும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்