அன்றிரவே வாந்தி வரவில்லையே என்ற உங்கள் பதில் குறித்துப் புகார்

பெறுநர்: நிர்வாக இயக்குநர், கேட்டரிங் நிறுவனம், திருநெல்வேலி

ஐயா,

24-8-2025 ஞாயிறு இரவு பாளையங்கோட்டையில் நடந்த என் மகளின் திருமண வரவேற்புக்குச் சமைத்தது உங்கள் நிறுவனம். திங்கள் மத்தியானம் தொடங்கி செவ்வாய் இரவுக்குள் 19 பேருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. போனில் கேட்டதற்கு உங்கள் மேலாளர், "எங்கள் சாப்பாடு என்றால் அன்றிரவே வாந்தி வந்திருக்கும். திங்கள் காலை சாப்பிட்ட இட்லியைப் பாருங்கள், ஆற்றில் குளித்தவர்களைக் கேளுங்கள்" என்றார். தாமிரபரணியைக்கூட விட்டுவைக்கவில்லை.

அவர் சொல்லும் மணிக்கணக்கு எல்லாக் கிருமிக்கும் செல்லாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் உணவிலேயே நஞ்சைக் கக்கி வைத்துவிடும். அதனால் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். எங்களவர் மூவரின் மலப் பரிசோதனையில் வந்ததோ சால்மோனெல்லா. அது உயிரோடு குடலுக்குப் போய், பெருகிய பிறகே வேலையைக் காட்டும். ஆறு மணி நேரத்திலும் தொடங்கலாம், ஆறு நாளும் ஆகலாம். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம்.

இனி அந்த இட்லி. என் மைனி முழங்கால் வலியால் மண்டபத்துக்கே வரவில்லை. தச்சநல்லூர் வீட்டுக்குப் பொரித்த கோழியும் மயோனைஸும் பார்சலில் போயின. இரவு 10.30க்குச் சாப்பிட்டவருக்கு மறுநாள் இரவு 7.30க்குக் குளிர்நடுக்கம், 21 மணி நேரம் கழித்து. அவர் எந்த மண்டபத்து இட்லியைத் தின்றார், எந்தப் படித்துறையில் இறங்கினார்? சைவப் பந்தியில் உட்கார்ந்த ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

மயோனைஸ் இருந்த எவர்சில்வர் வாளியை நானே பார்த்தேன். மாலை ஆறு மணிக்கே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி மேல் வைத்திருந்தார்கள். மேலே மஞ்சளாக ஏடு கட்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றது. ஐஸ் கிடையாது. பத்து மணிக்கும் அதிலிருந்தே அள்ளிப் பரிமாறினார்கள். பச்சை முட்டையா என்று கேட்டதற்கு உங்கள் பையன், "பின்னே?" என்றான். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை போட்டது அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குமா? அப்போதே வாளியைக் கவிழ்க்காதது என் பிழைதான். கல்யாண வீட்டில் யாருக்குப் புத்தி நிற்கிறது.

மருத்துவச் செலவு ரூ. 64,300, பில்களும் பரிசோதனை அறிக்கைகளும் இணைப்பில். அதையும் அசைவப் பந்திக்குக் கொடுத்த பணத்தையும் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும். உங்கள் ரசீதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை, அதையும் தெரிவியுங்கள். இதன் நகல் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போகிறது. பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

மேலாளர் இனி போனில் பேச வேண்டாம். அந்த இட்லிக் கதையை எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும்.

இப்படிக்கு,
மணமகளின் தந்தை