அரையாண்டு முடிந்து, பெற்றோருக்குச் சில வரிகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

புத்தாண்டு வாழ்த்து, பொங்கல் வாழ்த்து இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதம் இரண்டு வாரம் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது. அரையாண்டு விடைத்தாள்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. பத்தாம் வகுப்புக் கணக்கு போன வருஷத்துக்குப் பரவாயில்லை, ஆறாம் வகுப்பு ஆங்கிலம் பற்றி வகுப்பாசிரியர்கள் உங்களிடம் தனியாகப் பேசுவார்கள். கபடி அணி வட்டார அளவில் ஜெயித்து வந்தது, அறிவியல் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது, கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக வந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மேடையிலேயே தூங்கிப்போனதை எல்லோரும் பார்த்தீர்கள். மாடிக் கழிப்பறைக் கதவும் ஒரு வழியாகச் சரியாகிவிட்டது. பாடுபட்ட ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி.

சரி, இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் ஒரு பையன்கள் இல்லத்துக்கும், ராத்திரி ஜங்ஷன் பக்கம் கடைத்திண்ணைகளில் படுப்பவர்களுக்குச் சாப்பாடும் போர்வையும் கொடுக்கவும் போனோம். வருஷா வருஷம் போவதுதான். இந்த முறை பெற்றோர் இருபது பேருக்கு மேல் கூட வந்தீர்கள், வேன் கொடுத்தீர்கள், ஒருவர் நூறு பேருக்குத் தக்காளிச் சாதம் கட்டிக்கொண்டு வந்தார். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடுத்து எழுதப்போவதைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வியாழக்கிழமை இல்லத்து வார்டன் போன் செய்தார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர்கள் பையன் ஒருவன் மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்துக்கிடக்கிறான் என்றார். காரணம் ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். நம் பெற்றோர் ஒருவர் போட்ட வீடியோ, பின்னணியில் பாட்டு, கேக்கை வாயில் வைத்தபடி அந்தப் பையன் முகம் முழுசாக, கீழே ‘அனாதைக் குழந்தைகளுடன் ஒரு நாள்’ என்று எழுத்து. அது கை மாறிக் கை மாறி அவன் வகுப்பில் கூடப் படிக்கிற பையன் வீட்டு போனுக்குப் போயிருக்கிறது. அவன் இல்லத்தில் தங்கிப் படிப்பது அதுவரை அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை தெரிந்துவிட்டது, பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

அவன் அனாதையும் இல்லை. அம்மா இருக்கிறார், மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். இல்லத்தில் இருக்கிற பிள்ளை என்றாலே யாரும் இல்லாத பிள்ளை என்று நாமாக முடிவுகட்டிக்கொள்கிறோம். வீட்டில் சோற்றுக்கு வழியில்லாமலோ, குடியாலோ, படிக்கவைக்க ஆளில்லாமலோ வந்த பிள்ளைகள்தான் இங்கே பாதிக்கு மேல் என்று வார்டன் சொன்னார். எந்தப் பையன், எந்தப் பள்ளி என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் சொல்லமாட்டேன், வகுப்பாசிரியர்களுக்கும் தெரியாது.

ராத்திரி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இது என் கண்ணால் பார்த்தது. மூடிய ஜவுளிக்கடைத் திண்ணையில் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், செருப்பைத் தலைக்கடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். யாராவது தூக்கிவிடுவார்கள் என்ற பயம்தான், வேறென்ன. அவரை எழுப்பிப் போர்வையைப் பிள்ளை கையில் கொடுத்து, ‘இங்க பாருங்க தாத்தா’ என்று பளிச்சென்று ஒரு பிளாஷ். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். ‘படம் வேண்டாம்யா, மவன் கோயம்புத்தூர்ல இருக்கான், நான் வாச்மேன் வேலை பாக்கேன்னு சொல்லிருக்கேன்’ என்றார். எடுத்தவர் அதற்குப் பிறகும் இரண்டு படம் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், தடுக்கவில்லை. வேன் கொடுத்தவர் மனம் கோணக்கூடாதே என்று பார்த்தேன். ஆக இந்தக் கடிதத்தில் குற்றம் சொல்லப்படுகிறவர்களில் முதல் ஆள் நான். அதற்கு முந்தின வருஷம் பள்ளிப் பேனருக்குக் கீழே பையன்களை வரிசையாக நிறுத்தி நடுவில் நான் நின்று எடுத்த படம் என் அறையில் மாட்டியிருந்தது. இப்போது இல்லை, கழற்றிவிட்டேன்.

வலது கை செய்கிற தர்மம் இடது கைக்குத் தெரியக்கூடாது என்று இயேசு சொன்னதை நம் பிள்ளைகள் காலை வழிபாட்டில் மனப்பாடமாகச் சொல்வார்கள். நம் இடது கையில்தான் போன் இருக்கிறது.

இது போன் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்கவேண்டாம். லண்டனில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய பர்னார்டோவைப் பற்றி ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். டப்ளினிலிருந்து மருத்துவம் படிக்க லண்டன் வந்தவர், படித்து சீனாவுக்கு மிஷனரியாகப் போவதாகத்தான் திட்டம், கிழக்கு லண்டன் தெருக்களில் ராத்திரி படுத்துக்கிடந்த பையன்களைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். 1870-ல் ஸ்டெப்னியில் பையன்களுக்கான இல்லம். ஒரு நாள் இடமில்லை என்று திருப்பி அனுப்பிய பையன் சில நாளில் தெருவில் செத்துக்கிடந்தான், அதன் பிறகு எந்த ஏழைப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்று வாசலிலேயே எழுதிப்போட்டார். அப்படிப்பட்ட மனுஷர். ஆனால் அவரும் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகள் வந்தபோது எப்படி, இப்போது எப்படி என்று இரண்டிரண்டு படமாக எடுத்து, அட்டையில் ஒட்டி விற்று நன்கொடை சேர்த்தார். ‘வந்தபோது’ படத்துக்காகச் சில பிள்ளைகளின் உடுப்பை இன்னும் கந்தலாக்கி நிறுத்தினார் என்று புகார் எழுந்தது. 1877-ல் நடுவர்கள் விசாரித்தார்கள், பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தார்கள், ஆனால் அந்தப் படங்கள் விஷயத்தில் கண்டித்தார்கள், அந்த அட்டைகள் நின்றன. நல்ல காரியத்துக்குத்தானே காசு சேர்க்கிறோம் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். கந்தலோடு நின்ற பிள்ளையிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொருவர் நமக்குப் பக்கத்தில். களக்காடு போகிற வழியில் டோனாவூரைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. அங்கே 1901 முதல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மாவின் சொந்த ஊர் வட அயர்லாந்து. பெல்பாஸ்டில் இளம்பெண்ணாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து வரும் வழியில், பெரிய மூட்டையோடு தள்ளாடிப்போன ஒரு ஏழைக் கிழவியை அவரும் தம்பிகளும் சேர்ந்து தாங்கிக் கூட்டிப்போனார்கள். எதிரே வந்தது எல்லாம் ஆலயத்து மரியாதைப்பட்ட ஆட்கள். இப்படி ஒருத்தியோடு தன்னைப் பார்க்கிறார்களே என்று முகமெல்லாம் சிவந்துபோனதாக அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவருக்கு யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கம். நமக்கு யாரும் பார்க்காமல் போய்விடுவார்களோ என்ற கவலை! அந்த வெட்கத்தைத் தாண்டி பெல்பாஸ்ட் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் வேலை செய்தார், பிறகு 1895-ல் இந்தியா வந்தவர் திரும்பிப்போகவே இல்லை. 1951-ல் இறந்தபோது கல்லறைக்குக் கல் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட பெயர் அதில் இருக்கிறது.

கதை போதும். இப்போது கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை எடுத்த படம், வீடியோ எதுவானாலும் இன்று ராத்திரிக்குள் ஸ்டேட்டஸிலிருந்தும் குழுக்களிலிருந்தும் பேஸ்புக்கிலிருந்தும் எடுத்துவிடுங்கள். போனிலிருந்தும் அழித்துவிடுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள். இல்லத்தில் இருக்கிற பிள்ளை யார் என்று அடையாளம் தெரிகிற மாதிரி வெளியிடுவது 2015 இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வார்டன் புகார் கொடுக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. அடுத்த முறை இதே நடந்தால் நானே அவரைப் புகார் கொடுக்கச் சொல்வேன், அது யாராக இருந்தாலும், வேன் கொடுத்தவராகவே இருந்தாலும். இனி நம் பள்ளியிலிருந்து இப்படிப் போகிற எந்தப் பயணத்திலும் போன்கள் என் பையில் இருக்கும். ஆசிரியர்களுடையதும் சேர்த்து. பள்ளி ஆண்டுமலருக்குப் படம் வேண்டுமென்றால் சோற்றுப் பானையை எடுத்துக்கொள்ளலாம். பிறந்தநாளுக்கு இல்லத்தில் போய்க் கேக் வெட்டுவதையும் நம் பள்ளி பேரில் ஏற்பாடு செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். தன் பிறந்தநாள் எது என்று சரியாகத் தெரியாத பையன் நின்று கைதட்ட வேண்டியிருக்கிறது, அதை நீங்கள் யோசித்துப்பார்த்ததில்லை, நானும்தான்.

ரயில்வே ஸ்டேஷனிலோ பஸ் ஸ்டாண்டிலோ தனியாகச் சுற்றும் பிள்ளையைப் பார்த்தால் படம் எடுத்துக் குழுக்களில் போட்டு ‘யாராவது உதவுங்கள்’ என்று எழுதவேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், ஆள் வரும்வரை பக்கத்தில் இருங்கள். அவ்வளவுதான் வேண்டியது.

அப்புறம் இல்லத்துக்கென்று நீங்கள் கொடுத்தனுப்பிய துணிகள். சாக்குகளை ஆசிரியர் அறையில் கொட்டிப் பிரித்தோம். பாதி நன்றாக இருந்தது, பாதி நம் வீட்டில் தரை துடைக்கவே யோசிப்போம், ஜிப் இல்லாத கால்சட்டையும் கறைபடிந்த பட்டு ஜாக்கெட்டும் பையன்கள் இல்லத்துக்கு எதற்கு? ஆனால் ஒரு பையில் புது பனியனும் ஜட்டியும் அளவுவாரியாகக் கட்டி, எந்தக் கட்டு எந்த வயதுக்கு என்று சீட்டு எழுதி வைத்திருந்தது, பெயர் இல்லை. வார்டன் அதைப் பார்த்ததும் ‘இதைத்தாம்மா யாரும் தரமாட்டாங்க’ என்று எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டார். அந்தப் பையை அனுப்பியவர் யாராக இருந்தாலும், நன்றி. டிசம்பரில் ஒரே நாளில் மூன்று இடத்திலிருந்து கேக்கும் பிரியாணியும் வருகிறதாம், ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டு, செருப்பு, ஜாமெட்ரி பாக்ஸ் என்று கேட்டால் ஆள் கிடைப்பதில்லையாம். ஆகவே நம் அடுத்த பயணம் மே கடைசியில். செருப்பு அளவுகள் பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது, பிள்ளைகள் பெயர் இல்லாமல் அளவு மட்டும். முடிந்தவர்கள் ஒரு ஜோடி பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். ஜங்ஷனுக்குப் போகிறதை மாதம் ஒருமுறையாக ஆக்கலாம் என்று இரண்டு அப்பாக்கள் கேட்டிருக்கிறார்கள். பத்து பேருக்கு மேல் வேண்டாம், தூங்குகிறவர்களை எழுப்பவும் வேண்டாம், பக்கத்தில் வைத்துவிட்டு வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

கடுமையாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்டேட்டஸ் போட்டவர் நேற்று என்னை வந்து பார்த்தார், நிறைய நேரம் பேசவில்லை, இல்லத்துக்குப் போய்ப் பையனிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று கேட்டார். வார்டனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கூட வந்த, சமைத்த, வண்டி ஓட்டிய, போர்வை மடித்த எல்லோருக்கும் மறுபடியும் என் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியை

பி.கு.: சாக்கில் ஒரு நீலநிற ஷூ ஒற்றையாக வந்திருக்கிறது, 4-ஆம் நம்பர், வலது கால், புதுசு மாதிரிதான் இருக்கிறது. இடது கால் யார் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கிறதோ, பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.