பழைய கணினியை எடைக்குப் போடும் முன்

ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து, ‘இது பழைய மாடல், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க’ என்ற பேச்சு கடலூர், புதுச்சேரி கடைகளில் அதிகமாகிவிட்டது. ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் அலுவலகம், தட்டச்சுப் பயிலகம் ஆகியவற்றில் ஓடும் பழைய டெஸ்க்டாப்புகள் பலவற்றுக்கு உண்மையான குறை, ரேம் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) 2 ஜி.பி. மட்டும் இருப்பதுதான். ரேம் கூட்டினால் விண்டோஸ் 11 ஏறிவிடாது என்பதும் உண்மையே. ஆனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு பில், கடிதம், இணையம் பார்க்க 8 ஜி.பி. தாராளம்.

காசு எடுக்கும் முன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். வழக்கமான வேலை நடக்கும்போது மெமரி 85 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதியில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் முட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பணத்துக்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்.எஸ்.டி. வாங்குவதே சரி. 32 பிட் விண்டோஸ் என்றால் 8 ஜி.பி. போட்டாலும் 4-க்குள்தான் எடுத்துக்கொள்ளும். முதலில் 64 பிட்டுக்கு மாற்ற வேண்டும்.

பணம் வீணாவது பெரும்பாலும் ரேம் வகையில்தான். டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 என்ற இரண்டு ரேம் வகைகளுக்கும் 240 பின். ஆனால் நடுவெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. அழுத்தி நுழைக்கப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும். இன்டெல் கோர் பிராசஸர்களில் 2 முதல் 4-ஆம் தலைமுறை வரை டி.டி.ஆர்.3. எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டில் இரண்டு ஸ்லாட்டிலும் சேர்த்து 16 ஜி.பி. வரை போகும்.

வம்பு பிடித்தது அதைவிடப் பழைய ஜி41 சிப்செட் போர்டு. பலவற்றில் டி.டி.ஆர்.3 ஸ்லாட் இருக்கும், 4 ஜி.பி. ரேம் அழகாக உட்காரும், ஆனால் திரை வராமல் பீப் அடித்துக்கொண்டே இருக்கும். காரணம் சிப்பின் அடர்த்தி. ஒரே பக்கத்தில் 8 சிப் கொண்ட 4 ஜி.பி. ரேமில் ஒவ்வொரு சிப்பும் 4 ஜிகாபிட். ஜி41-க்கு அது புரியாது. இரு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். பழுது ரேமிலும் இல்லை, போர்டிலும் இல்லை; இது தெரியாமல் நல்ல போர்டைக் கழித்துக்கட்டுபவர்கள் உண்டு.

இணையத்தில் அடிமாட்டு விலைக்கு வரும் 8 ஜி.பி., 16 ஜி.பி. ரேம்களில் சர்வருக்கானவையும் கலந்திருக்கும். லேபிளில் 10600 அல்லது 12800 என்ற எண்ணை ஒட்டி ‘ஆர்’ (R) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் தொடாதீர்கள். வீட்டுக் கணினிக்கு ‘யூ’ (U) இருக்க வேண்டும்.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்ட பிறகே ரேமைத் தொடவும். இரு ஓரமும் ‘டக்’கென்று பூட்ட வேண்டும். நம் பக்கம் உப்புக் காற்று. பழைய ரேமின் பொன்னிறப் பற்களில் மங்கலான படலம் படிந்திருந்தால் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை உலர்ந்த துணியால் நீக்கலாம். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் முலாமையே எடுத்துவிடும். ஸ்லாட்டில் வாயால் ஊதுவது, ஏற்கெனவே ஈரத்தில் இருப்பதன் மேல் எச்சில் தெளிக்கிற வேலை. புது ரேமே பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் சில, இந்தத் துடைப்போடு சரியாகிவிடும்.

1333, 1600 என வேகம் வேறான ரேம்களைக் கலந்து போட்டால் இரண்டும் 1333-ல்தான் ஓடும், அதில் ஆபத்தில்லை. முடிந்தால் ஒரே அளவில் இரண்டாகப் போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இப்படி இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ‘இரட்டைச் சேனலின்’ பலன் கண்ணுக்கே தெரியும்.

மாட்டியதும் திரை வந்துவிட்டது என்பதோடு விடாமல், மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரல் போட்ட பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, ஒரு இரவு ஓட விடுங்கள். பிழையைக் காட்டும் சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ரேம் கோப்புகளைக் கெடுக்கும். நீல நிறத் திரை வருவதற்கு முன்பே அது கணக்குப் புத்தகத்தில் கை வைத்திருக்கும்.

ஆகவே கடைக்காரர்களுக்கு ஒரு கோரிக்கை. ரசீதில் ‘ரேம் 4 ஜி.பி.’ என்று மொட்டையாக எழுதாமல், வகை, வேகம், வோல்ட், ஒரு பக்கச் சிப்பா இரு பக்கச் சிப்பா என்பதைக் குறிப்பிடுங்கள். வாங்குபவரின் போர்டு எண்ணையும் அதிலேயே எழுதி, சோதனையில் பிழை காட்டினால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள். பழைய ரேம் விற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.