அடுப்படிக்கு ஒரு கல்

காரைக்குடி
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

உன் அடுப்படித் தரைக்கு எந்தக் கல் போடலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று டைல்ஸ் படங்களையும் பார்த்தேன். அலுவலகத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், "ஒன்றா, இரண்டா, மூன்றா, நம்பரை மட்டும் சொல்லுங்கப்பா" என்றாய். 31 வருஷம் டைல்ஸ் கடைக் கவுண்டரில் நின்றவனிடம் நம்பரை மட்டும் கேட்டால் எப்படி ஆத்தா? அதனால்தான் இந்தக் காகிதம். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மூன்றும் வேண்டாம்.

முதல் படம் அந்த வெள்ளைப் பளபளப்பு. 2-க்கு-4 அடிக் கல், சலவைக்கல் மாதிரி சாம்பல் நரம்பு ஓடுகிறது. கடையில் அதன் தலைக்கு மேலே எத்தனை விளக்கு எரிந்தது என்று பார்த்தாயா? நாங்கள் யோசித்துத்தான் மாட்டுவோம். அந்த வெளிச்சத்தில் சாதாரணக் கல்லும் அரண்மனைக் கல்லாகத் தெரியும். இன்னொன்று, கடையில் அதை நீ சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தாய். தரைக் கல்லைத் தரையில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார்த்தவர்கள் என் சர்வீஸில் பத்துப் பேர் கூடத் தேற மாட்டார்கள். அந்தப் பத்துப் பேரும் வீட்டில் சமைக்கிறவர்கள்.

நம் வீட்டு அடுப்படித் தரை மூன்று விதமாக இருப்பதைப் பார்த்துதானே வளர்ந்தாய். ஏன் அப்படி என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கடையில் ஒரு லாட் முடியும்போது மூன்று பெட்டி, நான்கு பெட்டி மிஞ்சும். மறுபடி அதே நிறம் வராது என்பதால் யாரும் வாங்க மாட்டார்கள். ஊழியர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி வந்ததுதான் நடுவில் இருக்கும் கிரீம் கலர் பளபளப்புக் கல். அது போதாமல் வாசல் ஓரத்தில் இன்னொரு லாட்டின் பழுப்புக் கல். கொத்தனார் கூடச் சிரித்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது. கடையில் பெரிய இடத்துக்காரர்கள் வாங்கிப் போன அதே கல் நம் வீட்டிலும் கிடக்கிறது என்ற பெருமை. உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2011-இல், நீ பத்தாம் வகுப்பு எழுதிக்கொண்டிருந்த சமயம், அம்மா கை எலும்பு முறிந்து கிடந்தாளே, அது அந்தக் கல்லால்தான். சோறு வடித்தபோது கஞ்சி கொஞ்சம் தரையில் சிந்தியிருக்கிறது. காய்ந்த தரையில் அந்தக் கல் ஒன்றும் செய்யாது, நன்றாகவே நடக்கலாம். ஈரம் பட்டால்தான் குணம் மாறும். கஞ்சி பட்டால் கேட்கவே வேண்டாம். விழும்போது வலது கையை ஊன்றிவிட்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றைக்கு நான் அவளைத்தான் திட்டினேன், "பார்த்து நடக்கக் கூடாதா" என்று. கல்லைத் திட்டத் தோன்றவில்லை, அது நான் கொண்டுவந்த கல் அல்லவா.

அப்புறம்தான் தொட்டி முன்னால் நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலத்துக்குக் கிரீம் கல்லைப் பெயர்த்துவிட்டு, 1-க்கு-1 பார்க்கிங் டைல்ஸ் எட்டுப் பதித்தேன். கார் நிறுத்துகிற இடத்தில் போடுகிற கரடுமுரடான சிவப்புக் கல். காலேஜ் தோழிகள் வந்த அன்று நீ அதன் மேல் பாயை விரித்து மறைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தப்பில்லை, அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் இன்று வரை அம்மா அந்த எட்டுக் கல்லை விட்டு இறங்காமல்தான் வேலை பார்க்கிறாள்.

அதற்காக உனக்குப் பார்க்கிங் கல்லைச் சிபாரிசு செய்கிறேன் என்று பயப்படாதே. அந்தப் பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா பிரஷ் போட்டுத் தேய்க்கிறாள். உனக்கு அந்த வேலை வேண்டாம். பளபளப்புக்கும் கரடுக்கும் நடுவில் மேட் ஃபினிஷ் என்று ஒன்று இருக்கிறது. கையால் தடவினால் முட்டை ஓடு மாதிரி இருக்க வேண்டும். வழுக்காத தன்மைக்கு ஆர்-9, ஆர்-10, ஆர்-11 என்று அளவு உண்டு, எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். வீட்டுச் சமையலறைக்கு ஆர்-10 போதும். கேட்டலாக்கில் போட்டிருப்பார்கள். கடைப் பையனுக்குத் தெரியாவிட்டால் மேனேஜரைக் கேள்.

அதைவிட எளிதான வழி ஒன்று இருக்கிறது. சாம்பிள் கல் ஒன்றைத் தரையில் போடச் சொல்லி, உன் தண்ணீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, வெறுங்காலோடு நின்று, பாதத்தை முன்னும் பின்னும் தேய்த்துப் பார். பையன் ஒரு மாதிரிப் பார்ப்பான், பார்க்கட்டும். உங்கள் அத்தை முட்டி வலியோடு அந்த அடுப்படியில்தான் காலையில் காபி போடப்போகிறார்கள்.

இரண்டாவது படம் கறுப்பு. மேட் கல்தான், பிடிப்பு இருக்கும். ஆனால் கறுப்பில் அழுக்கு தெரியாது என்று நீ நினைப்பது தப்பு. அரிசி மாவு, கோல மாவு, உப்பு, எல்லாமே வெள்ளை. சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் பரவாயில்லை. போர் தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக வட்டம் நிற்கும். சுத்த வெள்ளையில் ஒரு தலைமுடி கிடந்தாலும் கத்தும். அதனால் நடுவாந்தரமான நிறம் பார். ஈர மணல் நிறம், இளஞ்சாம்பல், அதில் பொடிப்பொடியாகப் புள்ளி இருந்தால் இன்னும் நல்லது. பழைய மொசைக் தரைகளில் புள்ளி புள்ளியாக இருக்கும் பார், பத்து நாள் துடைக்காவிட்டாலும் காட்டிக்கொடுக்காது.

மூன்றாவது படம் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சந்தோஷமும். ஆத்தங்குடிப் பூக்கல். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஊர்க் கல்லைத் தேடியிருக்கிறாய். சின்ன வயதில் அந்தப் பட்டறைக்கு உன்னைக் கூட்டிப் போயிருக்கிறேன். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் பூ மட்டும் நிற்கும். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு அமுக்கி, ஒரு நாள் ஆறவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். நெருப்பே படாது. கண்ணாடியிலிருந்து பிரிகிற முகம்தான் அந்த வழுவழுப்பு. "அண்ணே, எனக்கு ஒரு பூ" என்று கேட்டு, உடைந்த கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

நெருப்பு படாததுதான் இங்கே விஷயம். அது சிமெண்டுக் கல், குடிக்கும். எண்ணெய் குடிக்கும், மஞ்சள் குடிக்கும். புளியும் எலுமிச்சையும் பட்டால் முகம் மங்கும். தினம் துடைத்து, ஆள் நடந்து நடந்துதான் அதற்கு மெருகு ஏறும். இங்கே நான் அளவெடுக்கப் போன பெரிய வீடுகளில் முகப்பிலும் வளவிலும் பட்டாலையிலும் பூக்கல் இருக்கும், பின்கட்டு அடுப்படியில் பார்த்ததில்லை. கட்டினவர்களுக்கு ஆசை இல்லாமலா? உனக்கு அவ்வளவு பிடித்திருந்தால் பூஜை அலமாரிக்கு முன்னால் ஒரு விரிப்பு மாதிரிப் பதித்துக்கொள், கல்லை நானே போய்ப் பொறுக்கி எடுத்துத் தருகிறேன். அடுப்படிக்கு வேண்டாம். சலவைக்கல்லுக்கும் இதே கதைதான். அது சுண்ணாம்புச் சாதி, தயிர் சிந்தினாலும் தழும்பு விழும்.

அப்படியானால் எதை வாங்குவது? மேட் ஃபினிஷ் விட்ரிஃபைடு. எந்தக் கம்பெனி என்று ரொம்பக் குழப்பிக்கொள்ளாதே. நம் நாட்டில் விற்கிற டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தில் மோர்பி என்ற ஒரே ஊரிலிருந்து வருகிறது. பெட்டியின் மேல் இருக்கும் பெயர்தான் வேறு வேறு. விட்ரிஃபைடு என்றால் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது கணக்கு. கல்லைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு. அப்படியே நின்றால் சரி. உறிஞ்சிக்கொண்டால் அது சாதா செராமிக், சுவருக்குப் போகட்டும். அதோடு, ஒரே பெட்டியிலிருந்து இரண்டு கல்லை எடுத்து முகத்தோடு முகம் சேர்த்துப் பிடி. நடுவில் வெளிச்சம் தெரிந்தாலோ ஆடினாலோ கல் வளைந்திருக்கிறது. பதித்த பிறகு ஓரம் தூக்கி நின்று கால் விரலைத் தட்டும். பெட்டியில் பிரீமியம் என்று இருக்கிறதா, இரண்டாம் தரத்துக்குப் போடுகிற கமர்ஷியல் என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்கிற இடத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான் அச்சாகியிருக்கும்.

இப்போது கணக்கு. உன் சமையலறை 10-க்கு-8 என்றாய், 80 சதுர அடி. 2-க்கு-2 கல் பெட்டிக்கு நான்கு. கடையில், "பெட்டி 16 சதுர அடி மேடம், அஞ்சு பெட்டி கரெக்டா வரும்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கல் முழு இரண்டு அடி இல்லை, 600 மில்லிமீட்டர். பெட்டிக்குப் பதினைந்தரைதான் வரும். ஐந்து பெட்டிக்கு எழுபத்தேழரை. 10 அடி என்பது 3048 மில்லி. ஐந்து கல் வைத்தால் 3000, மிச்சம் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு கீற்று நிற்கும். அந்தப் பக்கம் 8 அடியிலும் ஒன்றரை அங்குலம் நிற்கும். அந்தக் கீற்றுக்குக் கல் இல்லாமல் மறுபடி கடைக்கு ஓடினால் அந்த லாட் தீர்ந்திருக்கும். அதே டிசைன், அதே பெயர், வேறு ஷேடு. நம் வீட்டுத் தரையின் கதை உன் வீட்டிலும் ஆரம்பித்துவிடும். ஆறு பெட்டி வாங்கு. ஆறிலும் பேட்ச் நம்பரும் ஷேடு நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பார். மிஞ்சுகிற கல்லைத் திருப்பிக் கொடுக்காதே, கட்டிலுக்கு அடியில் போட்டு வை. கீற்று விழுகிற பக்கத்தை மேடைக்கு அடியில் தள்ளச் சொல், வாசற்படிப் பக்கம் வரக் கூடாது. இதை மேஸ்திரியிடம் முதல் கல் வைப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும், அப்புறம் சொன்னால் கோபம் வரும்.

மேஸ்திரி விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதில் விட்டுக்கொடுக்காதே. விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காது என்றேன் அல்லவா, அதனாலேயே சிமெண்டுப் பாலை மட்டும் நம்பினால் பிடிக்காது. டைல்ஸ் ஒட்டுகிற பசை தனியாக வாங்கிக் கொடு. சிலர் நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைத்து அமுக்கிவிட்டுப் போவார்கள். அடியெல்லாம் காற்று. வீட்டு கேஸ் 14.2 கிலோ, உருளையும் சேர்ந்தால் 30 கிலோவை ஒட்டி வரும். கொண்டு வருகிற பையன் அதை விளிம்பில் நிறுத்தி உருட்டித்தான் விடுவான். அடியில் வெற்றிடம் இருந்தால் அன்றைக்கே விரிசல்தான். பல் வைத்த கரணையால் பசையைக் கல் முழுக்க இழுக்கச் சொல். மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக்கொண்டே வா. 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வருகிற கல்லை அன்றே எடுத்துப் போடச் சொல்.

கல்லுக்குக் கல் நடுவில் இருக்கும் சந்தை அடைக்க வெள்ளைச் சிமெண்டு வேண்டவே வேண்டாம், ஒரு வாரத்தில் சாம்பார் நிறம் வந்துவிடும். கல்லின் நிறத்திலேயே எபாக்ஸி என்கிற பிசின் கலவை வாங்கு. விலை கூடுதல்தான். 80 சதுர அடிக்கு அதைப் பார்க்காதே.

பழைய கல்லை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள், தூசியும் செலவும் குறையும். ஆனால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். ஹாலைவிட அடுப்படி மேடாகிவிட்டால், கொட்டின தண்ணீர் நேரே சோபாவைத் தேடித்தான் போகும். கதவு அடியையும் இழைக்க வேண்டி வரும். அதனால் உடைத்துவிடலாம் என்பது என் கருத்து. அவரிடம் பக்குவமாகச் சொல், நான் சொன்னதாக வேண்டாம்.

வியாழன் காலை பஸ் ஏறி மதியத்துக்குள் வந்துவிடுகிறேன். பழைய கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், மூன்று மேட் கல்லைக் கால் பங்காக வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். முழுக் கல்லைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற இப்போது தெம்பு இல்லை. அவற்றில் மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துத் தடவி ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்போம்.

அதற்குள் நீ ஒன்று செய்து வை. இதை நேற்று அம்மாதான் சொன்னாள், எனக்கு இத்தனை வருஷத்தில் தோன்றவில்லை. புதன்கிழமை ஒரு நாள் முழுக்க, சமைக்கும்போது தண்ணீரோ எண்ணெயோ எங்கெங்கே சிந்துகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம் போடு. அத்தை காபி போடும்போதும் போடு, மாப்பிள்ளை தோசை ஊற்றும்போதும் போடு. ராத்திரி அந்தத் தரையை ஒரு படம் எடுத்து அனுப்பு. கடைப் படங்களை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா