டர்போவுக்குச் சூடான காற்றை ஊட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், எஞ்சினுக்குள் போகும் காற்றை அமுக்கித் தரும் டர்போ பொருத்திய பெட்ரோல் கார்களின் இழுவையைக் கூட்டச் சில வழிகள் சொல்லப்பட்டிருந்தன. காரோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டுவதுதான் அதில் முதல் வழி. கோவை சிங்காநல்லூரில் 26 ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்துகிறேன். அந்த யோசனையை நம்பி நாளைக்கே பத்துப் பேர் கடைக்குப் போவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசி மழையில் ஒரு காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். 1 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ. உரிமையாளர் 27 வயது இளைஞர், தவணையில் வாங்கிய முதல் கார். ஆறு மாதம் முன்பு கூம்பு ஃபில்டர் போட்டிருக்கிறார். ஊருக்குள் ஓட்டும்போது இழுவை முன்பைவிடக் குறைந்ததுபோல் இருக்கவே, வாங்கிய இடத்திலேயே கேட்டிருக்கிறார். குழாயை நீட்டி, முன் பம்பருக்குப் பின்னால் கீழே ஃபில்டரை இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். லங்கா கார்னர் ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கிய, முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில் அது தண்ணீரை உறிஞ்சிவிட்டது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. எஞ்சினைப் பிரித்தபோது இரண்டாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வில்போல் வளைந்திருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி நெடுநேரம் பேசவில்லை. செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். மாற்றம் செய்ததைத் தெரிவிக்கவில்லை என்று காப்பீடும் கிடைக்கவில்லை.

காரோடு வரும் பெட்டிக்குக் காற்றை இழுக்கும் மூக்கு, பெரும்பாலான கார்களில் ஹெட்லைட்டுக்கு மேலே பானட்டின் விளிம்பை ஒட்டி இருக்கும். வெளிக்காற்றும் கிடைக்க வேண்டும், தண்ணீரும் ஏறக் கூடாது என்று பார்த்து வைத்த இடம் அது.

அவருக்கு முதலில் இழுவை ஏன் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே வகைக் கார் ஒன்றில் ஃபில்டரின் வாயில் வெப்பமானிக் கம்பியைச் செருகிவிட்டு, காந்திபுரம் நெரிசலில் நானே ஓட்டிப் பார்த்தேன். வெளியே 34 டிகிரி. பழைய பெட்டி இருந்தபோது உள்ளே போன காற்று 38 டிகிரி. திறந்த ஃபில்டர் மாட்டியபோது 61. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இந்தக் கணக்கில் ஏறத்தாழ ஏழு சதவீதம் காற்று குறைகிறது. டர்போ அதை அமுக்கும்போது சூடு இன்னும் பெருகும், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரால் ஓரளவுதான் தணிக்க முடியும். எரிபொருள் தாறுமாறாக எரிந்து எஞ்சின் தட்டும் நாக்கிங் வராமலிருக்க, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிப்போடும், இழுவை போய்விடும். அவிநாசி சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் வித்தியாசம் ஐந்து டிகிரிக்குள் வந்துவிட்டது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம் ஊர்களில் கார்கள் ஓடும் நேரத்தில் பாதி, நிற்கும் நேரம்.

பிறகு ஏன் எல்லாரும் “பிக்கப் கூடியிருக்கிறது” என்கிறார்கள்? சத்தம்தான் காரணம். பெட்டி இருக்கும்வரை டர்போவின் சீறல் வெளியே கேட்காது. பெட்டியை எடுத்ததும் கேட்கிறது. டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது. காற்று வரும் வழியில் தடை கொஞ்சம் குறைந்தால் டர்போ சற்றுக் குறைவாக உழைக்கும், அந்த அழுத்தம் சற்று முன்னதாக வரும். கணினியின் கணக்கு அப்படியே இருக்கும்போது அதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது தூசி. இந்தச் சின்ன டர்போக்களின் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றுகிறது. அந்த வேகத்தில் மாவு போன்ற மண்ணும் அரம்தான். என் மேசையில் டர்போவில் காற்றை அமுக்கும் பழைய கம்பிரசர் சக்கரம் ஒன்று இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும். அலுமினிய இதழ்களின் முனைகள் கத்திபோல் மெலிந்து, கறையான் அரித்த ஓலைபோல் பிசிறியிருக்கின்றன. அந்தச் சக்கரம் இருந்த காரில் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருந்த ஹோஸுக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன், செம்மண் நிறத்தில் வந்தது. உங்கள் காரிலும் இப்படித் துடைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டர் போட்டவர்கள் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றிவிடுவதும் நடக்கிறது. காற்றளவு சென்சார் உள்ள கார்களில் அந்த எண்ணெய் சென்சாரில் படிந்து அளவு தவறிப்போகிறது.

காற்று வழியை மேம்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. “டர்போ முன்போல் இழுக்கவில்லை” என்று வரும் கார்களில் நான் முதலில் பார்ப்பது இன்டர்கூலர் ஹோஸ்களின் கிளாம்ப்புகளை. ஓரத்தில் எண்ணெய்க் கசிவின் கருப்புக் கோடு தெரிந்தால் அமுக்கிய காற்று அங்கே வெளியேறுகிறது என்று பொருள். ஒரு புதுக் கிளாம்ப் போட்டதும் பழைய இழுவை திரும்பிய கார்கள் பல. அடுத்து இன்டர்கூலரின் முகத்தில் அப்பியிருக்கும் சேறும் பூச்சிகளும், பிறகு புதுக் காகித ஃபில்டர். அதற்கு மேலும் வேண்டும் என்பவருக்கு மூடிய பெட்டியோடு வரும் இன்டேக்கை (காற்று உள்ளே போகும் அமைப்பை)த்தான் பொருத்துகிறேன். அதன் வாய் முன் கிரில்லுக்குப் பின்னால், பழைய மூக்கு இருந்த உயரத்திலேயே இருக்க வேண்டும். எஞ்சினின் கணக்கை முறையாக மாற்றிப் பெரிய இன்டர்கூலரும் போடுகிறவர்களுக்கு இதில் உண்மையான பயன் உண்டு. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு நான் செய்து கொடுப்பதும் இதுதான்.

ஃபில்டர் எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது என்பதைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற தர முறை இருக்கிறது. அந்தச் சோதனையில் கிடைத்த அளவை அட்டைப் பெட்டியில் அச்சிடாத எந்த ஃபில்டரையும் உங்கள் வாகனப் பக்கத்தில் பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குதிரைத்திறன் கூடும் என்று எழுதினால், எந்தக் காரில், எந்த வெப்பத்தில், பானட்டை மூடி அளந்ததா திறந்து அளந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திறந்த பானட்டுக்கு முன் விசிறி வைத்து அளந்த எண் காந்திபுரம் நெரிசலுக்குப் பொருந்தாது.

அந்தத் தம்பியின் காருக்குப் பழைய பெட்டி வேண்டியிருந்தது. அவர் அதைத் தூக்கி எறிந்திருந்தார். உக்கடம் பழைய சாமான் கடைகளில் மூன்று நாள் அலைந்து, கிளிப் ஒன்று உடைந்த பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தேன். ஃபில்டரை மாற்றியே தீருவேன் என்பவர்கள் பழைய பெட்டியை மட்டுமாவது வீட்டுப் பரணில் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கார் பட்டறை உரிமையாளர்,
சிங்காநல்லூர், கோவை.