கோடு போட்ட பிறகு என்ன கேள்வி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் இதழில் தென்கிழக்காசிய நாடுகளை இணைக்கும் ஆசியான் மின்கட்டமைப்பு பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்தது. நல்ல கட்டுரைதான். 2022 ஜூனில் லாவோசின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக நம் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது, 2035க்குள் 6 ஜிகாவாட் வரை வெளியிலிருந்து வாங்கத் திட்டமிருப்பது, ஆஸ்திரேலியாவிலிருந்து 4,300 கிலோமீட்டருக்குக் கடலடிக் கேபிள் போடும் யோசனை, எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில் உங்கள் நிருபர் இப்படி எழுதியிருந்தார்: "பறவைகள், விலங்குகள், கிராமவாசிகள் என்று ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் இத்தகைய திட்டங்கள் நிறைவேறுவது எப்போது?"

பறவைகளிடம் கருத்துக் கேட்ட அதிகாரி எவரையாவது நிருபர் சந்தித்திருந்தால் அவருடைய பேட்டியை முழுப்பக்கமாகவே போடுங்கள். பத்துப் பிரதி வாங்குகிறேன்.

நான் 31 ஆண்டு கேபிள் இணைத்துப் பிழைத்தவன். அந்தக் காலத்துக் கேபிளில் செம்புக்கு மேல் எண்ணெயில் ஊறிய காகிதத்தைச் சுற்றியிருப்பார்கள். குழிக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்து அந்தக் காகிதத்தை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். நெற்றி வியர்வை ஒரு சொட்டு அதில் விழுந்தால் போச்சு. ஈரம் புகுந்த இணைப்பு என்றைக்காவது ஒருநாள் வெடிக்கும். அதனால் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வோம், பக்கத்தில் ஒருவர் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருப்பார். மின்சாரம் எப்படி வருகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

கட்டுரைக்கு நீங்கள் போட்ட படத்தில் இருந்தது தெருவிளக்குக் கம்பம். கீழே "உயர்மின் கோபுரம்" என்று எழுத்து வேறு. நிருபரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊரில் கேபிளெல்லாம் மண்ணுக்கடியில். 60 மீட்டர் ஆழத்தில் 35 கிலோமீட்டருக்குச் சுரங்கமே தோண்டி, 2.4 பில்லியன் வெள்ளி செலவழித்துக் கேபிளைப் படுக்க வைத்திருக்கிறோம். இங்கே பிறந்த பிள்ளைகள் வீட்டு வாசலில் கோபுரத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்காதவர்களுக்குக் "கிராமவாசிகள்" என்று எழுதுவது சுலபம்.

என் அக்கா பார்த்தார். கொங்குப் பக்கம் மூன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு அவருக்கு. ஒருநாள் காலையில் மட்டை பொறுக்கப் போனவர், மரங்களில் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதியிருப்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்தாராம். மொத்தம் 41 எண்கள். கம்பிக்குக் கீழே வருகிற, வெட்டப்போகிற மரங்கள் அவை. கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்காமல் இல்லை, நடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அஸ்திவாரக் குழி வெட்டிய பிறகு நடந்தது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். "இருபதடி வடக்கே தள்ளினால் கோபுரம் வரப்பில் நிற்குமே, தோப்பு நடுவில் வராதே" என்று அக்கா கேட்டிருக்கிறார். "கோடு போட்டாச்சும்மா" என்று பதில். அவ்வளவுதான் கூட்டம்.

அந்த நாளில் அங்கே கம்பி இழுக்க அதிகாரம் தந்தது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். தந்தி 2013லேயே நின்றுவிட்டது. சட்டம் மட்டும் தோப்புக்குள் வந்து நின்றது.

அக்கா தோப்பை விடுங்கள். புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் நேர்மின்னோட்டத் தடம் இருக்கிறதே, அது தமிழ்நாட்டில் கோபுரத்தின் மேல் போகிறது. அதே தடம் கேரளாவுக்குள் கடைசிப் பகுதியில் மண்ணுக்கடியில் இறங்கிவிடுகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று விவசாயிகள் கேட்டதில் என்ன தப்பு? எல்லா இடத்திலும் புதைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். செலவு பல மடங்கு. பழுது வந்தால் இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டுவதற்குள் நாள்கணக்காகும். காட்டுக்குள் நீளமாகப் பள்ளம் வெட்டினால் அது கோபுரத்தைவிட மோசம். எங்கே எது பொருந்தும் என்பதை அந்த மண்ணில் நடப்பவரைக் கேட்டால்தானே தெரியும்?

பறவை விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் மின்சாரம் தாக்கிச் சாவதையும் கம்பியில் மோதிச் சாவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். மயில் சாவது பெரும்பாலும் ஊருக்குள் போகும் 11 கிலோவோல்ட் கம்பியில். இடைவெளி குறைவு, விரித்த இறக்கை இரண்டு கம்பியைத் தொட்டுவிடும். 400 கிலோவோல்ட் தடத்தில் கம்பிக்குக் கம்பி பல மீட்டர், எந்த இறக்கையும் எட்டாது. அங்கே ஆபத்து மோதல். கோபுர உச்சியில் இடிக்காக ஒரு கம்பி போகும், மற்றதைவிட மெல்லியது, கண்ணில் சட்டென்று படாது. ராஜஸ்தானில் கானமயில் என்றொரு பெரிய பறவை உண்டு, மயில் இனமல்ல; அதற்குப் பார்வை பக்கவாட்டில்தான் நன்றாக இருக்கும், நேர் எதிரே சரியாகத் தெரியாது. உடம்போ கனம், கடைசி நொடியில் திரும்ப முடியாது. 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் அது வாழும் இடங்களில் கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024இல் அதே நீதிமன்றம் உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. முதலிலேயே பறவை தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரைபடத்தைப் பிரித்திருந்தால் தடத்தைத் தள்ளியே போட்டிருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டால் பறவை கண்ணில் படக் கம்பியில் பளபளவென்று தகடு தொங்கவிடுவது ஒன்றுதான் மிச்சம்.

தாமதம், தாமதம் என்கிறார் நிருபர். குறுக்குத் தீவு எம்ஆர்டி ரயில் பாதையை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். 2013இல் அறிவித்தார்கள், மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிக்கு அடியில் போகும் என்று. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் பேசியது, அரசாங்கமும் உட்கார்ந்து கேட்டது. காட்டுக்குள் போட நினைத்த மண் பரிசோதனைத் துளைகள் 72இலிருந்து 16ஆகக் குறைந்தன. 2019 டிசம்பரில் முடிவு வந்தது: காட்டுக்கு அடியில்தான், ஆனால் சுமார் 70 மீட்டர் ஆழத்தில். ஏறக்குறைய ஏழு வருஷம் ஆனது, உண்மை. அதில் எத்தனை வருஷம் முதலில் கேட்காமல் கோடு போட்டதால் வந்தது என்று அவரே கணக்குப் போடட்டும்.

இங்கே எறும்புத்தின்னி நடக்க விரைவுச்சாலைக்கு மேல் பாலம் கட்டினோம், அதற்குப் பெருமைப்பட்டு நீங்களும் படம் போட்டீர்கள். அதுவாவது சரியான படம். கம்பி வெளியூரில் ஓடும்போது மட்டும் அந்த ஊர்க்காரர் நம் குளிர்சாதனத்துக்குக் குறுக்கே நிற்பவராகிவிடுவாரா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் சிறு காட்டைப் பற்றிய சுற்றுச்சூழல் அறிக்கைக்குக் கருத்துச் சொல்ல சென்ற ஆண்டு அவகாசம் தந்தார்கள். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. உங்கள் இதழில் அந்தச் செய்தி அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. தமிழ் மட்டுமே படிக்கும் என் மனைவி, காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "இதை எதற்குப் போட்டிருக்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார். அப்போதே உங்களுக்கு எழுதினேன். மூன்று வரியாக்கிப் போட்டீர்கள், அதிலும் தேதி இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இப்படிக் கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்தால் அந்த வாரமே நாலு வரி போடுங்கள், கடைசித் தேதியுடன். அப்புறம், அந்தத் தெருவிளக்குக்கு ஒரு திருத்தம். இந்தக் கடிதத்தையும் மூன்று வரியாக்குவதாக இருந்தால், எந்த மூன்று வரி என்று அச்சுக்குப் போகும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் இணைப்பாளர்,
ஈசூன்