16-ஐ 15 என்று காட்டும் வயர்லெஸ் செட்: இரண்டு முறை சர்வீஸ் செய்தும் தீராத டிஸ்ப்ளே பழுது பற்றிய புகார்

அனுப்புநர்:
விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். போன ஆகஸ்டில் உங்கள் டீலரிடம் 25 வாட் விஎச்எஃப் வயர்லெஸ் செட் ஒன்று வாங்கி எங்கள் படகின் வீல் ஹவுஸில் (படகை ஓட்டும் அறையில்) மாட்டினோம். இரண்டு வருட வாரண்டி. பேசுவதிலும் கேட்பதிலும் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. பழுது டிஸ்ப்ளேயில் மட்டும்தான். "டிஸ்ப்ளே தானே சார், செட் வேலை செய்யுதில்ல" என்று உங்கள் சர்வீஸ் சென்டரில் போனில் சொன்னார்கள். அந்தப் பேச்சு பொறுக்காமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஜனவரியில் படகு தங்கலுக்கு (சில நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போயிருந்தபோது இது ஆரம்பித்தது. சேனல் எண்ணின் கடைசி இலக்கத்தில், இடது பக்கம் கீழே நிற்கும் சின்னக் கோடு மறைந்துவிட்டது. ஒரே ஒரு கோடுதான். ஆனால் அது போனால் 6 என்பது 5 ஆகிவிடும், 8 என்பது 9 ஆகிவிடும். தீக்குச்சி அடுக்கிப் பாருங்கள், தெரியும். கூடவே 25 வாட்டா 1 வாட்டா என்று காட்டும் எழுத்தும் போய்விட்டது.

அன்று ராத்திரி டிரைவர் அவசர சேனலுக்குப் போக 16 பொத்தானை அழுத்தியிருக்கிறார். திரையில் 15. மறுபடி அழுத்தினாலும் 15. பொத்தான் கெட்டுவிட்டது என்று குமிழை ஒரு கிளிக் ஏற்றினால் 17. ஒன்று இறக்கினால் 15, இன்னும் ஒன்று இறக்கினால் அப்போதும் 15. கரைக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தையே, "அண்ணே, இந்தப் பெட்டியில 16-ஐக் காணோம்" என்பதுதான். எங்கள் படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது 8-இல். திரையில் 9 இரண்டு முறை வர, எது நிஜ 9 என்று தெரியாமல் 9-இலேயே விட்டுவிட்டார். பக்கத்துப் படகுக்காரர்கள் விடியும்வரை கூப்பிட்டிருக்கிறார்கள், இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை, கடல் அமைதியாக இருந்தது.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போன் சிக்னல் கிடையாது. அப்புறம் இந்தப் பெட்டிதான் துணை. 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதில் திரும்பி வராதவர்களின் வீடுகளை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்க முடியாது. 156.8 மெகாஹெர்ட்ஸில், அதாவது சேனல் 16-இல், உதவி கேட்க வேண்டியவனுக்குத் தன் செட் எந்த சேனலில் நிற்கிறது என்றே தெரியாவிட்டால், அதைச் சின்னப் பழுது என்று எப்படிச் சொல்வது?

முதல் முறை அனுப்பியபோது 19 நாள் வைத்திருந்து, "சாஃப்ட்வேர் ரீசெட் செய்யப்பட்டது, செட் நன்றாக உள்ளது" என்று திருப்பி அனுப்பினீர்கள். மறுநாள் மதியமே கோடு போய்விட்டது. இரண்டாவது முறை, உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, வாரண்டி செல்லாது, 6,800 ரூபாய் கட்டுங்கள் என்றீர்கள். தண்ணீர் இறங்கியதற்கு ஒரு போட்டோ கேட்டேன். இன்றுவரை வரவில்லை. செட்டும் சரியாகாமலே திரும்பி வந்தது.

செட்டின் முத்திரையை உடைக்காமல் எங்களால் முடிந்த அளவு பார்த்தோம். இன்ஜின் ஓடும்போது செட்டுக்கு வரும் வயரில் 13.4 வோல்ட். பேசும் பொத்தானை அழுத்தினாலும் 12-க்குக் கீழே இறங்கவில்லை. அதே வயரிலும் ஆன்டெனாவிலும் பக்கத்துப் படகின் செட்டை மாட்டினால் எல்லா எண்ணும் சுத்தமாகத் தெரிகிறது. ஆக, எங்கள் பேட்டரியிலோ வயரிங்கிலோ கோளாறு இல்லை. ஆன் செய்ததும் ஒரு நொடி திரையில் எல்லாக் கோடுகளும் வரும் அல்லவா, அப்போதும் இந்தக் கோடு வருவதில்லை. காலைக் குளிரில் தெரிகிறது, வெயில் ஏறியதும் மறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையின் கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் கோடும் வாட் எழுத்தும் சேர்ந்தே வருகின்றன, விரலை எடுத்தால் சேர்ந்தே போகின்றன.

முப்பது வருடமாக ரேடியோ, டிவி பார்க்கும் எங்கள் ஊர் மெக்கானிக் இதைப் பார்த்துவிட்டு, எல்சிடி கண்ணாடியையும் போர்டையும் இணைக்கும் மின்கடத்தும் ரப்பர் பட்டையில் தொடுப்பு விட்டிருக்கும் என்றார். ஒரே தொடுப்பில் இரண்டு அடையாளமும் ஓடுவதால்தான் இரண்டும் சேர்ந்து போகின்றன, பட்டையைத் துடைத்தோ மாற்றியோ இறுக்கமாக உட்கார வைத்தால் போதும் என்றார். அவர் சொன்னதே சரி என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. இந்த விரல் சோதனையைக்கூட உங்கள் பெஞ்சில் யாரும் செய்து பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். ஏசி அறையில் பத்து நிமிடம் ஓடவிட்டால் இந்தப் பழுது தெரியாது.

நான் கேட்பது இவ்வளவுதான். செட்டைத் திறந்து அந்த இணைப்பைப் பாருங்கள், தேவைப்பட்டால் டிஸ்ப்ளே யூனிட்டையே வாரண்டியில் மாற்றுங்கள். செட்டைச் சூடேற்றி, சேனல் 8, 16 இரண்டும் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள். 6,800 ரூபாய் பில்லை எழுத்தில் ரத்து செய்யுங்கள். தண்ணீர் இறங்கியது உண்மை என்றால், போர்டின் போட்டோவைக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. மறுநாளே படகு இறங்கும், அதில் ஒன்பது பேர் போகிறார்கள். அதற்குள் முடியாது என்றால் மாற்று செட் ஒன்றாவது கொடுங்கள். ஜூன் 10-க்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். கோடு மறைந்து வருவதை டிரைவர் எடுத்த வீடியோவும், வாங்கிய பில்லும், இரண்டு சர்வீஸ் சீட்டுகளும் இத்துடன் இருக்கின்றன.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர்
நாகப்பட்டினம்
மே 16